தலைமையாசிரியரிடம் சொன்னதோடு என் கடமை முடிந்துவிட்டதா?

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். நான் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியை. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், வகுப்பாசிரியரும் நானே. ஒன்பது நாள்களுக்கு முன்பு மதிய இடைவேளையில் ஒரு மாணவி தன் ரஃப் நோட்டை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் நான்கு வரிகள் எழுதியிருந்தாள். மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்ததும் கணக்கு ஆசிரியர் தன்னை மட்டும் நிறுத்திவைக்கிறார், தொடக் கூடாத இடத்தில் தொடுகிறார், மூன்று முறை நடந்துவிட்டது என்று இருந்தது. "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள் மிஸ்" என்றாள். நானும் செய்துவிட்டேன்.

இரண்டு நாள் தூக்கமில்லை. பிறகு தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் இருவரையும் தன் அறைக்கு அழைத்து விசாரித்தார். சீருடையின் மேல் தட்டிக்கொடுத்ததைப் பிள்ளை தவறாக எடுத்துக்கொண்டது என்று முடிவு செய்து, அந்த ஆசிரியரை எச்சரித்து அனுப்பிவிட்டார். பெற்றோரும் வந்து, மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "உங்கள் பொறுப்பு முடிந்தது, இனி நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்" என்கிறார் தலைமையாசிரியர். அந்தக் கணக்கு ஆசிரியரைப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தெரியும். என் திருமணத்துக்கு வந்தவர். மாணவி அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் கடமை உண்மையிலேயே முடிந்துவிட்டதா? பெற்றோர் வேண்டாம் என்ற பிறகு நான் புகார் செய்யலாமா? ஒருவேளை அது உண்மையில்லை என்றால் என் மீது வழக்கு வருமா? வேலை போய்விடுமா? அவளுக்குச் செய்த சத்தியத்தை நான் ஏற்கெனவே மீறிவிட்டேன். மறுபடியும் மீற வேண்டுமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம்.

உங்கள் முதல் கேள்விக்கான பதில் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடமை முடியவில்லை. நாளைக் காலை நீங்கள் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். இனி நான் எழுதுவதையெல்லாம் அந்தப் பயணத்துக்கான தயாரிப்பாகப் படியுங்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம், நாம் போக்சோ என்று சொல்வது, 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்ததாக அறிந்தவரும் நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும், அவர் யாராக இருந்தாலும், தகவல் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. எங்கே கொடுப்பது என்பதையும் அதே பிரிவு சொல்லிவிடுகிறது: சிறார்களுக்கான சிறப்புக் காவல் பிரிவிடம், அல்லது உள்ளூர்க் காவல் நிலையத்தில். தலைமையாசிரியர், தாளாளர், கல்வி அலுவலர் என்று யாருடைய பெயரும் அந்த இடத்தில் இல்லை. மேலதிகாரிக்குத் தெரிவித்தவருக்கு விலக்கு என்று ஒரு வரியும் இல்லை. தகவல் தராமல் இருப்பதே குற்றம் என்கிறது 21-ஆம் பிரிவு. அதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் உண்டு. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே பணிபுரிபவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். உங்கள் தலைமையாசிரியர் இன்று இந்த இரண்டாவது இடத்தில் நிற்கிறார். அவருக்கு இது தெரியவில்லை என்றே நினைக்கிறேன். தெரியப்படுத்துவது அவருக்குச் செய்யும் நன்மை.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டம் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவியருக்குக் கொடுமை இழைத்த வழக்கில், முகாம் நடத்தியவர்களோடு பள்ளியின் முதல்வரும் தாளாளரும் கைதானார்கள். விஷயம் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லவில்லை என்பதே அவர்கள் மீதான குற்றச்சாட்டு. மகாராஷ்டிரத்தில் பள்ளி விடுதிச் சிறுமியர் தொடர்பான வழக்கு ஒன்றில், அவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் தகவல் தராதது பற்றிய கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. அறிந்தும் தகவல் தராமல் இருப்பது கடுமையான குற்றம் என்று 2022 நவம்பரில் நீதிமன்றம் சொன்னது.

"உண்மையில்லை என்றால்?" என்ற உங்கள் கேள்வியை மதிக்கிறேன். பன்னிரண்டு ஆண்டு பழகிய ஒருவரைப் பற்றி அவ்வளவு எளிதில் எதையும் நம்ப முடியாது. நம்பச் சொல்லி நானும் கேட்கவில்லை. அவர் குற்றவாளி என்று நான் இங்கே எழுதவும் இல்லை. அதைத் தீர்மானிக்க நீதிமன்றம் இருக்கிறது, அங்கே அவருக்கும் வழக்கறிஞர் இருப்பார். நீங்கள் சொல்லப்போவது ஒன்றே ஒன்று: இந்தத் தேதியில், இந்த மாணவி, இதை எழுதி என்னிடம் கொடுத்தாள். இது நூற்றுக்கு நூறு உண்மை. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது சிவில், கிரிமினல் எந்தப் பொறுப்பும் வராது என்று 19-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டவோ பணம் பறிக்கவோ வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுப்பவருக்குத்தான் தண்டனை. அதிலும் குழந்தைக்குத் தண்டனை கிடையாது.

"சீருடையின் மேல்தானே" என்று தலைமையாசிரியர் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. தோலோடு தோல் பட்டால்தான் குற்றம் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2021 நவம்பர் 18 அன்று முழுவதுமாக நிராகரித்துவிட்டது. பாலியல் நோக்கம் இருந்ததா என்பதே கேள்வி, துணி இருந்ததா என்பது அல்ல. தவிர, கல்வி நிறுவனத்தின் ஊழியரே அங்கு படிக்கும் குழந்தையிடம் இப்படி நடந்தால் சட்டம் அதை இன்னும் கடுமையான வகையில் வைக்கிறது. நிரூபணமானால் குறைந்தது ஐந்தாண்டுச் சிறை. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு மதியத்தில், ஓர் அறையில், நான்கு கேள்வியில் முடித்துவிட யாருக்கும் அதிகாரம் இல்லை.

அந்த அறையைப் பற்றித்தான் எனக்குத் தாங்க முடியாத வருத்தம். குற்றம் சாட்டப்பட்டவரையும் குழந்தையையும் எதிரெதிரே நிற்கவைத்து விசாரித்திருக்கிறார்கள். சட்டம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. காவல்துறைகூடக் குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும். கூடுமானவரை உதவி ஆய்வாளருக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ பக்கத்தில் இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் எங்களைப் போன்ற வழக்கறிஞர்கள் குழந்தையை நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுத்தால் அவர் குழந்தையிடம் கேட்பார். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வார்கள். நீதிமன்றமே இவ்வளவு யோசித்து நடக்கும் இடத்தில், பள்ளிக்கூடம் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தனியாக நிற்கவைத்துவிட்டது. அவள் உங்கள் முகத்தைப் பார்க்காததற்குக் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமியின் பக்கம் நான் ஆஜரான வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். எந்தப் பள்ளி, எந்த ஊர் என்பது வேண்டாம். அங்கேயும் காவல்துறைக்குப் போகும் முன் பள்ளியிலேயே "விசாரணை" நடந்திருந்தது. முதல்வர், துணை முதல்வர், நிர்வாகக் குழுவில் ஒருவர், அலுவலக மேலாளர் என்று நான்கு பேரிடம் நான்கு முறை அந்தப் பிள்ளை நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். கடைசியில் அலுவலகத்தில் ஒருவர் சொல்லச் சொல்ல, அவள் கைப்பட ஒரு புகார்க் கடிதம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதில் "மேற்படி ஆசிரியர் என்னிடம் முறைகேடாக நடந்துகொண்டார்" என்று ஒரு வரி. விசாரணை நாளில் எதிர்த்தரப்பு கேட்கச் சொன்ன முதல் கேள்வியே "மேற்படி என்றால் என்ன என்று உனக்குத் தெரியுமா?" என்பதுதான். அவளுக்குத் தெரியவில்லை. தெரியாத சொல்லை நீ எப்படி எழுதினாய், யார் எழுதச் சொன்னார்கள், இதையும் சொல்லிக்கொடுத்தார்களா, அதையும் சொல்லிக்கொடுத்தார்களா என்று ஒரு மணி நேரம் அந்த ஒரு சொல்லின் மேல் போனது. நான்கு பேரிடம் சொன்ன நான்கு வடிவங்களிலும் இருந்த சின்னச் சின்ன வேறுபாடுகள் அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் போதுமானதாக இருந்தன. அந்தப் பிள்ளையைப் பேச்சில் தடுமாற வைத்தவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். விசாரிக்கத் தெரியாதவர்கள் விசாரித்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே, நீங்கள் அவளிடம் இனி ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். எப்போது, எப்படி, எத்தனை நிமிடம், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று எதையும் கேட்க வேண்டாம். அவளாகச் சொன்னால் கேளுங்கள். சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே அன்றைய தேதி, நேரத்தோடு குறித்துவையுங்கள். "தொட்டார்" என்று சொன்னால் "தொட்டார்" என்றே எழுதுங்கள், "அத்துமீறினார்" என்று மாற்றாதீர்கள். அந்தப் பென்சில் வரிகளின் மதிப்பு அவை அவளுடைய வரிகள் என்பதில் இருக்கிறது.

பெற்றோர் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு வருகிறேன். உங்கள் தகவலுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவையில்லை. அவர்கள் வேண்டாம் என்பதால் உங்கள் பொறுப்பு குறைவதும் இல்லை. ராஜஸ்தானில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் மீதான இதே போன்ற வழக்கில், மாணவியின் தந்தையோடு சமரசம் ஆகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்து வழக்கை மீண்டும் நடத்தச் சொன்னது. இது இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான தகராறு அல்ல, சமூகத்துக்கு எதிரான குற்றம், பேசித் தீர்த்துக்கொள்ள முடியாது என்பதே அதன் சாரம்.

அதற்காக அந்தத் தாய் தகப்பன் மீது கோபப்படாதீர்கள். பெண் பிள்ளையின் பெயர் ஊரில் அடிபடும், பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று பயந்துதான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்தப் பயங்களுக்குப் பதில் இருக்கிறது, அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. குழந்தையின் பெயர், படம், முகவரி, குடும்பம், படிக்கும் பள்ளி என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. விசாரணை மூடிய அறையில் நடக்கும். அவளைத் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு வரச் சொல்லக் கூடாது. வழக்கு முடியும் முன்பே இடைக்கால இழப்பீடு தரச் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிடலாம். குழந்தைகள் நலக் குழு, வழக்கு முடியும் வரை குடும்பத்துக்குத் துணையாக ஒருவரை நியமிக்கலாம். காவல் நிலையத்துக்குப் போகும் முன் முடிந்தால் அந்தத் தாயிடம் மட்டும் பேசுங்கள். அனுமதி கேட்கும் தொனியில் வேண்டாம். நான் தகவல் கொடுக்கப் போகிறேன், நீங்களும் வந்தால் அவளுக்கு நல்லது என்று சொல்லுங்கள். அவர் வரவில்லை என்றாலும் நீங்கள் போங்கள்.

இனி அந்தச் சத்தியம். சட்டக் கேள்விகளைவிட இதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தீர்கள் என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்தபோது தோன்றியது.

ஒரு குழந்தை இப்படிச் சொல்ல வந்து, சத்தியமும் கேட்டால், நம்மில் யாரும் அந்த நிமிடத்தில் உங்களைப் போலத்தான் தலையசைப்போம். ஆனால், அவள் என்ன கேட்டாள் என்று யோசித்துப் பாருங்கள். யாருக்கும் தெரியவே கூடாது என்றால் அவள் எழுதியே இருக்க மாட்டாள். எழுதி, இடைவேளை நேரம் பார்த்து உங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் வந்தாள். சத்தியம் கேட்டது பயத்தினால்: ஊர் சிரிக்குமோ, அம்மா அடிப்பாளோ, அந்த ஆசிரியர் தேர்வில் பழிவாங்குவாரோ என்ற பயம். நிறுத்துவதாகத் தந்த நம்பிக்கையைக் காப்பாற்ற, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற வாக்கை நீங்கள் விட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற வழியில்லை.

உங்கள் தவறு என்று நான் நினைப்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நீங்கள் வாக்கை மீறியதல்ல தவறு. அவளுக்குத் தெரியாமல் மீறியது தவறு. தலைமையாசிரியர் அறைக்கு அழைப்பு வந்தபோதுதான் நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். இந்த முறை அப்படி நடக்கக் கூடாது. காவல் நிலையத்துக்குப் போகும் முன் அவளைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்: "நான் சத்தியம் செய்திருக்கக் கூடாது. அது என்னால் காப்பாற்ற முடியாத வாக்கு. உனக்குத் தெரியாமல் சொன்னது என் தப்பு, மன்னித்துவிடு. நீ எழுதியதை நான் நம்புகிறேன். இதை நிறுத்தக்கூடியவர்களிடம் இப்போது சொல்லப் போகிறேன். உன்னிடம் பேச ஓர் அக்கா வருவார், சீருடையில் வர மாட்டார். நீ விரும்பினால் நான் பக்கத்தில் இருப்பேன்." இவ்வளவு போதும். அழுதால் அழட்டும். கோபப்பட்டால் கோபப்படட்டும். "எல்லாம் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது இன்னொரு காப்பாற்ற முடியாத வாக்கு.

ஒன்பது நாள் தாமதமாகிவிட்டதே என்ற பயமும் உங்களுக்கு இருக்கலாம். தகவல் தருபவருக்குச் சட்டம் மணிக்கணக்கில் கெடு எதுவும் எழுதவில்லை. பலரும் சொல்லும் 24 மணி நேரக் கெடு, காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிப்பதற்கானது. தாமதத்துக்கான காரணத்தை மறைக்காமல், தலைமையாசிரியரிடம் சொன்ன தேதியோடு எழுதுங்கள். ஆனால், இந்த ஒன்பது பத்தொன்பதாக ஆனால் என்னாலும் உங்களுக்கு நல்ல பதில் சொல்ல முடியாது. அந்தச் சிறப்பு வகுப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கலாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வேலை விஷயம்: உதவிபெறும் பள்ளியில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை எதுவும் இல்லாமல் ஓர் ஆசிரியரை வெளியே அனுப்ப முடியாது. சட்டம் இட்ட கடமையைச் செய்ததற்காகக் குறிப்பாணை வந்தால், என்னிடமோ உங்கள் ஊர் வழக்கறிஞரிடமோ அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். அறைக்குள் முகம் திருப்பிக்கொள்ளும் சக ஆசிரியர்கள் இருப்பார்கள். அதற்குச் சட்டத்தில் மருந்தில்லை.

நாளை செய்ய வேண்டியது. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். ஒரு பக்கத்தில் நடந்ததை எழுதி இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். யார் எழுதிக் கொடுத்தாள், எந்தத் தேதி, என்ன எழுதியிருந்தது, நீங்கள் யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன செய்தார் என்பதற்கு மேல் உங்கள் கருத்து எதுவும் வேண்டாம். தகவலுக்கு எண் கொடுத்துப் பதிவு செய்து உங்களுக்குப் படித்துக்காட்ட வேண்டியது காவல்துறையின் கடமை. முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். எல்லை எங்களுடையதல்ல என்று திருப்பி அனுப்ப முடியாது. பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கும் அதே 21-ஆம் பிரிவு பொருந்தும். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 இரண்டிலும் சொல்லலாம், சொல்லுங்கள். ஆனால், அவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். சட்டம் கேட்பது காவல்துறைக்குத் தகவல்.

ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள். அவள் பெயரை உங்கள் கணவரிடம்கூடச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

அந்த நோட்டு இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பக்கத்தைக் கிழிக்காதீர்கள், பேனாவால் எதையும் திருத்தாதீர்கள், முழு நோட்டையும் ஒரு உறையில் போட்டு எடுத்துப் போங்கள். காவல்துறை மகஜர், அதாவது கைப்பற்றிய பொருளின் விவரக் குறிப்பு, எழுதி வாங்கிக்கொள்ளும். போகும் வழியில் அதே போல ஒரு நாற்பது பக்க ரஃப் நோட்டு வாங்கி அவளிடம் கொடுத்துவிடுங்கள். உன் நோட்டு எங்கே என்று வகுப்பில் யாரும் அவளை எழுப்பிக் கேட்கும்படி ஆகக் கூடாது.